உப்புப் போட்ட ஐஸ்

என் இடது காலில் இப்போது நான்கு விரல்கள்தான் இருக்கின்றன. யாராவது கேட்டால் "சர்க்கரை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். கேட்டவர்கள் என் உடம்பை மேலும் கீழும் ஒரு தடவை பார்ப்பார்கள். பிறகு, "வாயைக் கட்டியிருக்கணும்மா" என்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் வாயைக் கட்டித்தான் இருந்தேன்.

என் பெயர் கோமளா. கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். விரலை எடுத்த வருஷம் எனக்கு வயது நாற்பத்தொன்று, எடை எண்பத்தெட்டு கிலோ. சத்துணவில் வேலை பார்க்கிற குண்டுப் பொம்பளையைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குப் போகிற முட்டையில் பாதி என் வயிற்றில்தான் இருக்கிறது என்று என் காதுபடவே பேசியிருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே போய்விடுவேன். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. என் வீட்டுக்காரர் நாகராஜ் மட்டும் ஒரு நாளும் என்னை அப்படிச் சொன்னதில்லை. கல்யாணத்திலிருந்து அன்றைக்கு வரைக்கும் அவருக்கு நான் "கோமு"தான்.

அவருக்குக் காசிமேட்டில் ஐஸ் ஃபாக்டரியில் லோடு ஏற்றும் வேலை. எங்களுக்கு ஒரே பெண், தேவி, அப்போது ஒன்பதாவது படித்தாள். ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு வீட்டின் கீழ்ப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். எங்களிடம் ஃபிரிட்ஜ் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கதை அதில்தான் இருக்கிறது.

சர்க்கரை வந்தது அதற்கு ஆறு வருஷம் முன்னால். தாகம், அரிப்பு, ராத்திரியில் நாலு தடவை எழுந்து போவது என்று எல்லாருக்கும் வருகிற மாதிரிதான் வந்தது. மாத்திரை ஒன்றில் தொடங்கி நான்கில் வந்து நின்றது. நான்குக்கும் சர்க்கரை அடங்கவில்லை என்றதும் ஒரு சர்க்கரை டாக்டரிடம் போனோம். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டிய டாக்டர். காத்திருக்கும் இடத்துச் சுவரில் பழங்களின் படம் ஒட்டி, எதைத் தின்னக் கூடாது என்று சிவப்பில் அடித்து வைத்திருப்பார்கள். இரண்டு மணி நேரம் அந்த மாம்பழத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பசிக்காதவனுக்கும் பசிக்கும்.

டாக்டர் என்னிடம் இரண்டு வழி சொன்னார். ஒன்று இன்சுலின். அதைப் போட்டால் சர்க்கரை இறங்கும், ஆனால் எடை இன்னும் ஏறலாம். இன்னொன்று புதிதாக வந்திருக்கும் ஊசி. பேனா மாதிரி இருக்கும், காலையும் ராத்திரியும் சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றில் குத்திக்கொள்ள வேண்டும். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம்தான் உடம்புக்கு வேண்டிய இன்சுலினைச் சுரக்கிறது. இந்த மருந்து அதைத் தட்டி எழுப்பி வேலை வாங்கும். கூடவே, சாப்பிட்டது இரைப்பையை விட்டு வேகமாக இறங்காமல் பிடித்து வைக்கும். அதனால் பசி அடங்கும், எடையும் இறங்கும். வெளிநாட்டுப் பல்லி ஒன்றின் எச்சிலில் இருக்கும் ஒரு சரக்கைப் பார்த்துச் செய்த மருந்து என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் நாகராஜ் சொன்னார்: "பல்லி தலைல வுயுந்தாலே பேஜாருன்றாங்க. நீ வவுத்துக்குள்ள வுட்டுக்கப் போறியாமே?"

"எட குறையுதாம்யா. பாம்பு எச்சின்னாலும் போட்டுக்குவேன்" என்றேன்.

மறைத்து என்ன பயன், எனக்குச் சர்க்கரையை விட எடைதான் முதலில் கண்ணில் பட்டது. பஸ்ஸில் இரண்டு சீட்டுக்காரி என்று பேர் வாங்கியவளுக்குத்தான் அந்த ஆசை புரியும்.

முதல் பேனா டாக்டரிடம் இருந்த சாம்பிள், சும்மா கிடைத்தது. ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மாடியில் ஜைத்தூன் அக்கா வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தது. முட்டை வைக்கிற தட்டில் இடம் ஒழித்துக் கொடுத்து, "நம்ம புள்ளைங்க தொடாதுங்கடி, நீ பாட்டுக்கு வந்து எடுத்துகினு போ" என்றார்.

எனக்கு ஊசி என்றால் பயம். அதனால் நாகராஜ்தான் போட்டுவிடுவார். பத்தொன்பது வருஷம் ஐஸ் பார் தூக்கிய கை அது, உள்ளங்கை மரக்கட்டை மாதிரி இருக்கும், எந்நேரமும் ஜில்லென்றிருக்கும். வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்துவார். குத்திவிட்டு ஒவ்வொரு தடவையும் "வலிக்குதாமே?" என்பார். மயிரிழை ஊசி அது, எங்கே வலிக்கப் போகிறது. ஆனாலும் சில நாள் "கொஞ்சம்" என்பேன், அவர் கொஞ்ச நேரம் அந்த இடத்தில் கையை வைத்திருப்பார் என்பதற்காக.

அந்த முதல் மாதம் குமட்டலோ குமட்டல். பள்ளிக்கூடத்தில் சாம்பார் கொதிக்கிற வாடைக்கே வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவேன். இரண்டு இட்லி தின்றால் கழுத்து வரைக்கும் நிற்கும். டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று. மாதக் கடைசியில் ஐந்து கிலோ குறைந்தது. சர்க்கரை பாதியாக இறங்கியது. ஜாக்கெட் தோளில் தொளதொளத்தது. அவ்வளவு சந்தோஷமாக வாந்தி எடுத்தவள் இந்த ராயபுரத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

இரண்டாவது பேனாவைக் கடையில்தான் வாங்க வேண்டியிருந்தது. அதன் விலை அவருடைய மாதச் சம்பளத்துக்கு மேலே. என் தோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். வாங்கி வந்த அதே வாரம் ஜைத்தூன் அக்கா மகள் பிரசவத்துக்காக வீட்டைப் பூட்டிக்கொண்டு வாணியம்பாடி போனார், வர நாற்பது நாள் ஆகும் என்று.

"அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வச்சிகினு கீற?" என்றார் நாகராஜ். "ஊர் மீனுக்கெல்லாம் ஐஸ் தரேன், உன் மருந்துக்குத் தர மாட்டனா?"

அன்று சாயங்காலமே இறால் அனுப்புகிற தெர்மக்கோல் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் உடைத்த ஐஸைப் போட்டு, ஒரு கை கல்லுப்பைத் தூவி, நடுவில் குழி பறித்துப் பேனாவை வைத்தார். உப்புப் போட்டால் ஐஸின் குளிர் இன்னும் ஏறும், இறால் கல்லு மாதிரி ஆகிவிடும். துறைமுகத்தில் பிழைக்கிற எல்லாருக்கும் தெரிந்த வித்தை இது. குளிர் நல்லது, கூடுதல் குளிர் கூடுதல் நல்லது. நானும் பக்கத்தில் நின்றுதான் பார்த்தேன். எனக்கும் தப்பாகத் தோன்றவில்லை. அந்தத் தப்பில் எனக்கும் பாதி உண்டு, அதை நான் மறுக்கவில்லை.

நான்கைந்து நாளில் குமட்டல் நின்றது. உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று நினைத்து மகிழ்ந்தேன். அடுத்த வாரம் பசி திரும்பி வந்தது. பழைய பசி இல்லை, வட்டியோடு வந்த பசி. நான் அசரவில்லை. காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டிச் சோறு, ராத்திரி கேழ்வரகுக் கஞ்சி. பள்ளிக்கூடத்தில் நூற்றிருபது முட்டையை உரித்து அடுக்கிவிட்டு, அதில் ஒன்றைக் கூட வாயில் போடாமல் வீட்டுக்கு வந்தேன். ஆனாலும் எடை அதற்கு மேல் இறங்கவே இல்லை. நாக்கு வறண்டது. அந்த நாட்களில் ஒரு மதியம் சாம்பார் அண்டாவை இறக்கும்போது அதன் அடி விளிம்பு என் இடது கால் கட்டைவிரலில் இறங்கிவிட்டது. ரத்தம் வந்ததைப் பார்த்துத்தான் அடிபட்டதே தெரிந்தது. பல வருஷம் சர்க்கரை இருந்தால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும், வலி என்கிற செய்தி மேலே வந்து சேராது. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மறந்துவிட்டேன்.

மாதம் முடிந்து டாக்டரிடம் போனோம். மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. ஒரு நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது என்பார்கள். அதுவும், சாப்பிட்ட பிறகு எடுத்த சர்க்கரையும் இரண்டுமே ஏகத்துக்கு ஏறியிருந்தன. டாக்டர் காகிதத்தை மேஜையில் போட்டார்.

"என்னம்மா சாப்பிட்டே?"

சொன்னேன். இட்லி, ஒரு கரண்டிச் சோறு, கஞ்சி.

"அதைச் சாப்பிட்டா இந்த நம்பர் வராது. ஸ்கூல்ல சமையல் வேலைதானே பார்க்கிறே? அங்கே என்ன சாப்பிடறே?"

"ஒண்ணும் இல்லைங்க சார்."

"சர்க்கரைக்கு மருந்து இருக்கு. பொய்க்கு மருந்து இல்லை" என்றார். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது.

நான் திரும்பி நாகராஜைப் பார்த்தேன். என் வீட்டில் நான் என்ன தின்றேன், எவ்வளவு தின்றேன் என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே நான் பாத்துக்கறேன் சார், அவ கைக்கு எதுவும் எட்டாம வச்சிக்கறேன்" என்றார்.

டாக்டர் என் அட்டையில் இங்கிலீஷில் எதையோ எழுதினார். வீட்டுக்கு வந்து தேவியைப் படிக்கச் சொன்னேன். அவள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "சாப்பாட்டுல கட்டுப்பாடு இல்லைன்னு போட்டிருக்கும்மா" என்றாள். மறுநாள் பிஸ்கட் டப்பா பரண் மேலே போனது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தேவி என் பையைத் துழாவிப் பார்ப்பதை இரண்டு தடவை பார்த்தேன். பதினாலு வயதுப் பிள்ளை, அம்மா செத்துவிடுவாளோ என்ற பயம் அவளுக்கு. அவள் மேல் கோபம் வரவில்லை. எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் எழுந்து எதையாவது தின்கிறேனோ என்று கூட நினைத்தேன்.

அடுத்த வாரம் கட்டைவிரல் கறுத்தது. வாடை வந்தது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

பெண்கள் சர்ஜரி வார்டில் எனக்குக் கட்டில் கிடைக்க ஒரு நாள் ஆனது, அது வரைக்கும் பாயில் கிடந்தேன். தினமும் காலையில் புண்ணைக் கழுவிச் செத்த சதையை வெட்டி எடுப்பார்கள். வலி இல்லை என்பதுதான் அதில் பயங்கரம். என் காலைத்தான் வெட்டுகிறார்கள், நான் பக்கத்துக் கட்டில்காரியோடு பேசிக்கொண்டிருக்கிறேன். நான்கு வேளை கைவிரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, இன்சுலின் போட்டார்கள். மூன்றாவது நாளே சர்க்கரை இறங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிச் சோற்றைத் தின்று இறங்கியது என்பதைக் கவனியுங்கள், என் கஞ்சியை விட அது மூன்று பங்கு. சர்ஜன் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "அழுகல் விரலோட நின்னா விரலோட போகும். மேலே ஏறினா பாதம். ரெண்டு நாள் பார்ப்போம்" என்றார்.

அந்த இரண்டு நாளில்தான் அது நடந்தது. வீட்டில் போட்டுக்கொண்ட மருந்தையெல்லாம் கொண்டுவரச் சொல்லியிருந்தார் வார்டு சிஸ்டர். மதியம் பார்வை நேரத்தில் நாகராஜ் மாத்திரைகளோடு தெர்மக்கோல் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். தேவி கஞ்சித் தூக்கோடு பின்னால் வந்தாள். சிஸ்டர் பெட்டியைத் திறந்ததும் முகம் மாறிவிட்டது.

"இதுலயா வச்சிருந்தீங்க? இது என்ன, உப்பா?" என்று கேட்டுக்கொண்டே பேனாவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் மிச்சமிருந்த மருந்தில் தூசி மாதிரி ஏதோ மிதந்தது. "இது தண்ணி மாதிரி தெளிவா இருக்கணும். ஒரு தடவை உறைஞ்சுதுன்னா மருந்து செத்துடும். அப்புறம் உருகினாலும் பிரயோஜனம் இல்லை." நாகராஜைப் பார்த்தார். "எப்பவாவது உறைஞ்சிருந்துச்சா?"

அவர் பெட்டியின் மூடியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"சொல்லுயா" என்றேன்.

"ஒரே ஒரு வாட்டி" என்றார்.

"எப்போ?"

"வாங்கின நாலாம் நாளு."

சிஸ்டர் நல்ல பெண். தேவியைக் கூப்பிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். நான் நாகராஜைக் கேட்டேன்: "உறைஞ்சா கெட்டுப் போவும்னு உனக்குத் தெரியாதுல்ல? தெரியாம பண்ணிட்ட, அவ்ளோதான?"

அவர் ஆமாம் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். நம்பத்தான் அந்தக் கேள்வியை அப்படிக் கேட்டேன்.

"மெடிக்கல்ல போய்க் கேட்டேன்மே" என்றார். "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குன்னான். உன் தோட்ட வச்சி வாங்கினது. எப்டி வந்து சொல்றதுன்னு தெர்ல. கைலயே வச்சி உருக்கினேன். பாக்க நல்லாத்தான் இருந்துச்சி. அவன் விக்கறதுக்குச் சொல்றான்னு நெனச்சிகினேன்."

"டாக்டர் என்னைத் திட்டும்போது?"

"அப்ப போய்ச் சொன்னா அவரு இன்னா நெனப்பாரு."

தன்னைப் பற்றி டாக்டர் என்ன நினைப்பார் என்று பார்த்திருக்கிறார். என்னைப் பற்றி டாக்டர் என்ன நினைத்தாலும் இவருக்குப் பரவாயில்லை. குண்டுப் பொம்பளை திருடித் தின்றாள் என்றால் எல்லாருக்கும் கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கும், ஒருத்தரும் மேலே கேள்வி கேட்க மாட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஒரு மாதம், காலையும் ராத்திரியும், செத்த மருந்து என்று தெரிந்தே என் வயிற்றில் குத்திவிட்டு, ஒவ்வொரு தடவையும் வலிக்குதா என்று கேட்டிருக்கிறார்.

மறுநாள் விரலை எடுத்தார்கள். அழுகல் பாதத்துக்கு ஏறவில்லை, அது என் அதிர்ஷ்டம் என்றார் சர்ஜன். மருந்து நன்றாக இருந்திருந்தால் விரல் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். "இருக்கலாம், போயும் இருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார். உண்மையைச் சொன்ன மனிதர். அதன் பிறகும் பதினோரு நாள் வார்டில் இருந்தேன். நாகராஜ் ஒரு நாள் தவறாமல் வந்தார். என் துணியைத் துவைத்தார், இடியாப்பம் வாங்கி வந்தார், கட்டுப் போட்ட காலைத் தலையணையில் ஏற்றி வைத்தார். நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வாணியம்பாடியிலிருந்து திரும்பிய ஜைத்தூன் அக்கா நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் சாவியக் குடுத்துட்டுப் போயிருக்கணும்டி. தப்பு பண்ணிட்டான், ஒத்துக்கறேன். வேணும்னு பண்ணல. மன்னிச்சி வுட்டுடு."

"ஐஸுல வச்சத மன்னிச்சிட்டேன்க்கா" என்றேன். "தோடு போச்சேன்னு மறைச்சதக் கூட மன்னிச்சிடுவேன். டாக்டர் ரூமுல வாய மூடிகினு நின்னுச்சி பாருங்க, அத்தத்தான் முடியல."

அக்கா கொண்டுவந்த சூப்பை ஆற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு, கால் ஊன்ற முடிந்ததும், அவரிடம் முதல் தடவையாகப் பேசினேன். "அந்த டாக்டர்கிட்ட போவணும், நீயும் வா." எதற்கு என்று அவர் கேட்கவில்லை. டோக்கன் வாங்கி, அதே மாம்பழப் படத்துக்குக் கீழே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். உள்ளே போனதும் டாக்டர் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தார், காலைப் பார்த்தார், இன்சுலின் அளவைக் கொஞ்சம் மாற்றி எழுதினார். "பார்த்தியா, அப்பவே சொன்னேன்" என்றார்.

நான் பழைய அட்டையை எடுத்து மேஜையில் வைத்து, அந்த வரியில் விரலை வைத்தேன். "இத்த அடிச்சிடுங்க சார்."

"இப்ப அது எதுக்கும்மா? அது பழைய ரெக்கார்டு." மணியை அழுத்தினார். அடுத்த டோக்கன்காரர் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நாகராஜைப் பார்த்தேன், அன்றைக்குப் பார்த்த மாதிரியே. வெயில் காலத்தில் ஐஸ் பார் தூக்கும்போது வருகிற மாதிரி அவருக்கு நெற்றியில் வேர்த்திருந்தது.

"அவ துன்னல சார்" என்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னார், இந்தத் தடவை வெளியே இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். "அவ ஒண்ணுமே துன்னல. மருந்த நான்தான் ஐஸுல வச்சி கெடுத்துட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன். அவ சொன்னதெல்லாம் நெசம்."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை எடுத்து அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். அடித்த கோட்டுக்குக் கீழே எழுத்து தெரியத்தான் செய்கிறது.

இன்சுலின் இப்போது என் பொறுப்பு. வார்டு சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி, மண்பானையில் பாதி தண்ணீர் ஊற்றி, அதற்குள் மூடி போட்ட சின்ன டப்பாவில் வைத்திருக்கிறேன். தேவி பிளஸ் டூ முடித்துவிட்டாள். நானும் நாகராஜும் பேசிக்கொள்கிறோம், சண்டை போடுகிறோம், ஒரே பாயில்தான் படுக்கிறோம். எடை எண்பத்திரண்டு. ஊசிப் பயம் எனக்குப் போய்விட்டது, வயிற்றை நானே பிடித்து நானே குத்திக்கொள்கிறேன். அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருந்தால் நிலைப்படி அருகில் வந்து நிற்பார். நின்று, "வலிக்குதாமே?" என்பார்.

இது வரைக்கும் நான் பதில் சொன்னதில்லை.